அழிந்ததுதான் அசல்

ஸ்டெல்லா இறந்துவிட்டதாக லிங்கராஜபுரத்திலிருந்து அவர் தம்பி போன் செய்தார். போனை வைத்துவிட்டு, அந்த வீட்டு எண்ணுக்கு நானே மறுபடி அடித்துக் கேட்டுக்கொண்டேன். எதையும் இரண்டு தரம் விசாரிக்கும் புத்தி, சாவுச் செய்தியைக்கூட விடவில்லை.

அவரை அறிந்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிரேசர் டவுனில் என் பிரேம் கடைக்கு, வீட்டைக் காலி செய்த ஒரு குடும்பம் ஆறு அச்சோவியங்களை விற்கக் கொடுத்திருந்தது. ஓவியரே அச்சிட்டவை என்றால் எடுத்துக்கொள்வதாக ஓர் ஓட்டல்காரர் சொன்னார். ஒவ்வொன்றின் அடியிலும் 7/50 என்பதுபோல் பென்சிலில் ஓர் எண். துணிக்கடையில் துணி மடித்துப் போட்டு வளர்ந்தவன் நான். யாரோ கடைக்காரர் போட்ட ரகசிய விலைக்குறி என்று நினைத்து ரப்பரால் தேய்த்தேன். நான்கில் அழிந்தது. இரண்டில் அசையவே இல்லை.

ஸ்டெல்லா தங்கவயல்காரர். அச்சகத்தில் படப் பிரிவில் வெகுகாலம் வேலை பார்த்தவர். ஆறையும் அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அழிஞ்சதுதான் மொதலாளி அசல். அம்பது பிரதில ஏழாவதுன்னு வரைஞ்சவரே எழுதுனது. அழியாம நிக்குதே, அது பென்சிலையும் சேத்து மிஷின்ல அடிச்ச காப்பி."

அசலைக் கெடுத்துவிட்டேன் என்று பயமுறுத்தி, மலிவாகத் தட்டிக்கொண்டு போகப் பார்க்கிறார் என்றே எனக்குப் பட்டது. எண் அழிந்தவற்றில் ஒன்றுக்கு பிரேமை மாற்றி, தெரிந்தவர் ஒருவரின் படம்போல் அவரிடமே அனுப்பினேன். சீட்டு எழுதி அனுப்பினார்: 'இதுவும் அசல்தான். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் பென்சில் பதிந்த பள்ளம் தெரியும். பிரேமை மாற்றிய முதலாளிக்கு வணக்கம்.'

டார்ச்சைச் சாய்த்தேன். ஏழு தெரிந்தது.

அப்படியானால் அந்த எண்களை நீங்களே திரும்ப எழுதிக் கொடுங்கள் என்று கெஞ்சினேன்.

"நீங்க அழிச்சது தெரியாத்தனம். நான் எழுதுனா திருட்டு. படத்துக்குப் பின்னாடி 'அழிச்சது நான்'னு எழுதி உங்க கையெழுத்தப் போடுங்க."

ஓட்டல்காரர் கை நழுவினால் இந்த அம்மாவுக்கு என்ன போச்சு என்று எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் எழுதினேன். ஓட்டல்காரர் படித்துவிட்டு, இதுவரை வேறு என்னென்ன அழித்தீர்களோ என்று கேட்டார், ஒன்றையும் எடுக்கவில்லை. அந்தக் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டு ஆறையும் திருப்பிக் கொடுத்தேன்.

அன்று முதல் நான் விற்கும் ஒவ்வொரு படத்தின் பின்னாலும், தெரிந்ததை எழுதுகிறேன். தெரியாத இடத்தில் 'தெரியாது' என்று எழுதி, கீழே என் பெயரைப் போடுகிறேன். ஸ்டெல்லாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது.