குளிக்க விடாத குளம்

1. பூட்டு

வேலைக்குப் போன முதல் நாளே பொறியியலாளர் பூட்டின் திறப்பைக் கையில் தந்தார்.

"செல்வராசா, இது டவுன் சனம் குடிக்கிற தண்ணி. ஆடு மாடு, ஆள், ஒண்டும் இறங்கக்கூடாது. விளங்கிச்சோ?"

"ஓம் சேர்."

ஆற்றை மறித்துக் கட்டிய புதுக் குளம். சுற்றிவர முள்ளுக்கம்பி வேலி, உள்ளே போக ஒரேயொரு இரும்புக் கேற்று. நான் காவலுக்கு நிற்கும் வோச்சர். ஒழுங்காக நின்றால் நிரந்தரமாக்குவோம் என்றார்கள்.

வன்னியில் குளம் என்றால் வயலுக்குப் பாயும், மாடு குடிக்கும், மனிதர் முழுகுவார்கள். பூட்டுப் போட்ட குளத்தை எங்கள் சனம் கண்டதில்லை.

"குளத்துக்குக் கேற்றோ? ஆர் தூக்கிக்கொண்டு போகப்போயினம்?" என்று சிரித்தார்கள்.

மாட்டோடு வந்தவர்களைத் திருப்பினேன். உடுப்பு மூட்டையோடு வந்த பெண்களைத் திருப்பினேன். அதில் என் மனைவியும் ஒருத்தி. அன்று எனக்குச் சோறு வரவில்லை.

2. சாவீடு

மாமா செத்தபோது நான் வேலையில் நின்றேன். சுடலையில் இருந்து ஆட்கள் நேரே கேற்றடிக்கு வந்தார்கள். கொள்ளி வைத்த மச்சான் முன்னால் நின்றான்.

"திறடா."

"ஏலாது மச்சான்."

"அப்பாவை எரிச்சுப்போட்டு வாறம். முழுகாமல் எப்பிடி வீட்டுக்குள்ள போறது? உனக்கும் மாமாதானேடா?"

"ஓம், மாமாதான். இது குடிக்கிற தண்ணி."

"டவுன்காரன் குடிக்கிறதுக்கு நாங்கள் செத்தவீட்டுத் துடக்கோட நிக்கிறதோ?"

வேலிக்கு வெளியே என் காவல் கொட்டிலோடு ஒரு கிணறு உண்டு. அதில் அள்ளி அள்ளி வாளியில் வைத்தேன். வயதானவர்கள் முதலில் முழுகினார்கள். மச்சான் கடைசியில் வந்து தலையைக் குனிந்தான். நான் ஊற்றினேன். முழுகி முடிய, தலையைத் துவட்டாமலே நடந்தான்.

3. விருந்தாளிகள்

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வான் ஒன்று வந்தது. கொழும்பில் இருந்து பெரிய ஆள் ஒருவர், குடும்பம், சாப்பாட்டுப் பானை, பிள்ளைகளுக்குக் காற்றடித்த ரியூப். பொறியியலாளர் முதலில் இறங்கினார்.

"கேற்றைத் திறவும். ஒரு முழுக்குப் போட்டிட்டுப் போகப்போயினம்."

"ஏலாது சேர். குடிக்கிற தண்ணியெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"அது சனத்துக்குச் சொன்னது!"

"இவையும் சனம்தானே சேர்."

வானுக்குள் யாரோ சிரித்தார்கள். பொறியியலாளரின் முகம் கறுத்தது.

"உமக்கு நிரந்தரம் வேணுமோ, வேண்டாமோ?"

"வேணும் சேர்."

"அப்ப திறவும்."

கிணற்றடிக்குப் போனேன். வாளியை நிரப்பி வந்து பெரிய ஆளின் சப்பாத்துக் காலுக்கு முன்னால் வைத்தேன்.

"ஐயா, முழுகிறதெண்டால் இதில முழுகுங்கோ. சாவீட்டுக்காரரும் இதிலதான் முழுகினவை."

பெரிய ஆளின் மனைவி வானுக்குள் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினார். வான் திரும்பிப் போய்விட்டது.

மறுநாள் திறப்பை வாங்கிவிட்டார்கள்.

"அவரிட்டப் போய் மன்னிப்புக் கேளும். பிறகு பாப்பம்" என்றார் பொறியியலாளர்.

நான் போகவில்லை. இப்போது டவுனுக்குத் தண்ணீர் போகும் குழாயைத் தாழ்க்க மண்ணில் கிடங்கு வெட்டுகிறேன். நாட்கூலி.

வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், ஏன் அண்ணை, ஒருநாள் திறந்திருந்தால் என்ன என்று கேட்கிறார்கள். பெரிய ஆளுக்கு ஒருநாள் திறந்தால், அடுத்த நாள் மச்சானை மறிக்க முகம் இராது. அவ்வளவுதான்.

எனக்கு நிரந்தரம் இல்லை. முகம் இருக்கிறது.