இடப்பக்கத்து இருபத்தெட்டு வட்டங்கள்

அன்று காலை போகும்போது கடல் இருக்கவில்லை. வரும்போது இருந்தது.

வெள்ளவத்தை மரைன் டிரைவில் வடக்கே நடந்து, பம்பலப்பிட்டியில் திரும்பி வருவது என் பதினொரு வருடப் பழக்கம். முப்பத்தொரு வருடம் நில அளவையாளனாக இருந்தவன் நான். எதையும் எண்ணாமல் விடுவதில்லை. கடற்பக்கத்து விளக்குக் கம்பங்கள் நாற்பத்தொன்று. அன்று போகும்போது ஏழுதான் வந்தது, வரும்போது நாற்பத்தொன்று. கவனம் தவறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மனைவி பூமணி ஐந்து இடியப்பம் வைத்தார். மூன்றைச் சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தையும் வைக்கச் சொன்னேன்.

“தட்டில இருக்கிறதை ஆர் சாப்பிடுறது?”

“எங்க இருக்கு?”

அவர் தட்டை அரைவட்டம் திருப்பினார். இரண்டு இடியப்பங்கள் வலப்பக்கமாக வந்து நின்றன. எழுபத்தொரு வயதில், முதல் தடவையாக இடியப்பத்தைப் பார்த்துப் பயந்தேன்.

பூமணி ஒரு நிமிடமும் வீணாக்கவில்லை. ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இதே நிலையை வீட்டில் காண்பவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான்: பின்னேரம் பார்ப்போம் என்று இருக்காதீர்கள்.

மூளையின் வலப்பக்கத்தில் இரத்தக்கட்டி என்று ஸ்கானில் தெரிந்தது. தளர்ந்துபோயிருந்த இடது கையின் பலம் ஒன்பது நாட்களில் பெரும்பாலும் திரும்பியது. இடப்பக்க உலகம் திரும்பவில்லை. “உங்கட கண் நல்லா இருக்கு. மூளைதான் இடப்பக்கத்தைக் கணக்கில எடுக்குதில்லை” என்றார் டொக்டர். இதற்குப் பக்கப் புறக்கணிப்பு (பார்வை இருந்தும் ஒரு பக்கம் இருப்பதே உணர்வில் படாமல் போவது) என்று பெயர். வடக்கே போகும்போது கடல் என் இடப்பக்கம் என்பது அப்போதுதான் உறைத்தது. டொக்டர் என்னை நிரோஷினியிடம் அனுப்பினார்.

நிரோஷினி கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவர். உளவியலாளராகத் தகுதி பெற்று ஆறு வருடம் வேலை செய்தவர். இப்போது அதற்கு மேல் மருத்துவ நரம்பு உளவியலில் (மூளைப் பாதிப்பால் நினைவும் கவனமும் எப்படி மாறியிருக்கின்றன என்று அளந்து, அதற்கேற்ற பயிற்சி கொடுக்கும் துறை) பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தார். அந்தப் பயிற்சி முடிவதற்கு, தான் பார்த்த பத்து நோயாளிகளைப் பற்றி விரிவாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

“ஒன்பது முடிஞ்சுது அங்கிள். பத்தாவது நீங்கள்தான்.”

அவர் ஒரு தாளை முன்னால் வைத்தார். தாள் முழுவதும் சதுரம், முக்கோணம், வட்டம். வட்டங்களை மட்டும் பென்சிலால் கோடிழுத்து வெட்ட வேண்டும். நான் இருபத்திரண்டை வெட்டினேன்.

“முடிஞ்சுதா?”

“இருந்ததே இருபத்திரண்டுதான் பிள்ளை. எண்ணிப்போட்டுத்தான் சொல்லுறன்.”

அவர் தாளைத் தலைகீழாகத் திருப்பினார். எங்கிருந்தோ இருபத்தெட்டு வட்டங்கள் வந்தன.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது பரபரப்பு. வாழ்நாள் முழுவதும் மற்றவர்களின் காணிகளை அளந்தவன் நான். இப்போது என் தலைக்குள் இருக்கும் காணியை அளப்பதற்கு ஒருவர் வந்திருக்கிறார்! எத்தனை தாள், எத்தனை நிமிடம், எந்தப் பிழைக்கு என்ன பெயர் என்று பதினேழு கேள்வி கேட்டேன். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். பதினைந்து நாள் கழித்து இதே சோதனையை மறுபடி செய்வாராம். இரண்டு அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால்தான், அதற்குப் பின் கொடுக்கும் பயிற்சியால் முன்னேற்றம் வந்தது என்று நம்பி எழுதலாமாம்.

அந்தக் கடைசிப் பகுதியை நானும் பூமணியும் சரியாகக் கேட்கவில்லை.

பூமணி முப்பது வருடமாக ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஸ்கொலர்ஷிப் சோதனைக்குத் தயார் செய்பவர். எந்த வினாத்தாளைக் கண்டாலும் போனில் படம் பிடித்துவிடுவார். வட்டத் தாளையும், நிரோஷினி போன் கதைக்க வெளியே போன நேரத்தில் பிடித்திருந்தார்.

“பாவம் அந்தப் பிள்ளை,” என்றார் ஓட்டோவில். “நாங்கள் மார்க்ஸ் குறைய எடுத்தா அதுக்குத்தானே கெட்ட பேர்.”

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. காலி வீதிக் கடையொன்றில் முப்பது பிரதி எடுத்தோம். நாளுக்கு இரண்டு தாள். முதல் நாளே பூமணிக்குக் கோபம் வந்தது.

“இதென்ன நடுவில இருந்து தொடங்குறீங்கள்? என்ர பிள்ளைகளெண்டா காதைத் திருகியிருப்பன்.” சிவப்புப் பேனாவால் தாளின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தார். “இது மார்ஜின். முதல்ல கோட்டைத் தேடிப் பிடியுங்கோ. பிடிச்சாப் பிறகுதான் பென்சில்.”

பதினைந்தாம் நாள் நிரோஷினி தாளை எடுக்கும்போதே, “ஐம்பது வட்டம்” என்றேன். பிறகு தாளைப் பார்த்து, “இதில மார்ஜின் இல்லையே?” என்றும் கேட்டேன்.

அவர் கை நின்றது. “எந்த மார்ஜின் அங்கிள்?”

பூமணி கைப்பையைத் திறந்து, திருத்தி முடித்த முப்பது தாள்களையும் மேசையில் பெருமையோடு அடுக்கினார். ஒவ்வொன்றிலும் மார்க்ஸ் போட்டிருந்தது. கடைசித் தாளில் ‘மிக நன்று’.

நிரோஷினி தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். எண்பது மைல் தூரம் அளந்துவிட்டு, தொடக்கப் புள்ளியைத் தப்பாக நட்டது தெரியவந்த மாதிரி இருந்தது எனக்கு. முதல் அளவு பிழைத்தால் வரைபடம் முழுவதும் பிழை என்பது மற்றவர்களைவிட எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்?

“அன்ரி,” என்றார் கடைசியில், “கோடு போடச் சொல்லி உங்களுக்கு ஆர் சொன்னது?”

“ஆர் சொல்லுறது? மார்ஜின் இல்லாத கொப்பியை நான் திருத்துறதே இல்லை.”

நிரோஷினி தன் கோப்பைத் திறந்து, அன்று எனக்குக் கொடுக்க வைத்திருந்த பயிற்சித் தாளை வெளியே எடுத்தார். இடது ஓரத்தில் தடித்த சிவப்புக் கோடு.

“இதைத்தான் நான் இண்டைக்குத் தொடங்க இருந்தனான்,” என்றார். சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “ஆனா என்ர பத்தாவது கேஸ் போச்சு. மறைச்சு எழுத ஏலாது அங்கிள்.”

அன்று பின்னேரம், வெளிநாட்டிலிருந்து அவரை வழிநடத்தும் பேராசிரியையிடம் வீடியோவில் நடந்ததை எல்லாம் சொன்னார். பேராசிரியை வைத்த நிபந்தனை: வேறு தாள்களோடு முதலிலிருந்து தொடங்கலாம், நடந்ததையும் ஒளிக்காமல் எழுத வேண்டும், ஏற்பது பரீட்சகர்களின் முடிவு. ஏற்காவிட்டால் நிரோஷினிக்கு இன்னும் ஒரு வருடம்.

மறுபடி பதினைந்து நாள், எந்தத் தாளையும் தொடாமல் இருக்க வேண்டும். இடது கை தளர்ந்து கிடந்த ஒன்பது நாட்களைவிட இது எனக்குக் கஷ்டமாக இருந்தது. பூமணி வீட்டிலிருந்த ஆறு சிவப்புப் பேனாக்களையும் அரிசி வாளிக்குள் ஒளித்தார். புதிய தாளில் ஐம்பதுக்கு இருபத்தேழு. இரண்டு நாள் விட்டு மற்றொரு தாள்: இருபத்தாறு. இரண்டு அளவும் ஒத்துப்போயின. மனப்பாடம் பழைய தாளோடு நின்றுவிட்டது.

குறைந்த மார்க்ஸுக்காக நான் கைதட்டியது அந்த ஒரு தடவைதான்.

அதன்பின் ஆறு வாரம் பயிற்சி. சாப்பாட்டு மேசையின் இடது ஓரத்தில் சிவப்பு நாடா. பத்திரிகையின் இடது ஓரத்தில் சிவப்பு மட்டை. கதவு நிலையிலும் அப்படியே. நிறத்தைக் கண்டபின்தான் அடுத்த காரியம். உங்கள் வீட்டு நோயாளி தட்டில் பாதியை விட்டால் அதைப் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். அவருக்கு அந்தப் பாதி இல்லை. ஏசுவதால் அது வராது. தேடிப் போக ஒரு கோடு வேண்டும். ஆறாம் வாரம் நாற்பத்தாறு எடுத்தேன்.

மூன்று மாதம் கழித்து நிரோஷினி வீட்டுக்கு வந்தார். கையில் லட்டுப் பெட்டி. வாசலிலேயே பூமணி கேட்டார்: “எத்தனை மார்க்ஸ்?”

“மார்க்ஸ் இல்லை அன்ரி. பாஸ். நேர்முகத்தில பரீட்சகர்மார் அரைவாசி நேரம் உங்கட மார்ஜினைப் பற்றித்தான் கேட்டவை.”

“மார்க்ஸ் இல்லாத சோதினையோ?” பூமணிக்கு அது இன்றுவரை பிடிக்கவில்லை. ஆனாலும் இரண்டு லட்டுச் சாப்பிட்டார். பெட்டியில் பன்னிரண்டு இருந்தன. இடப்பக்கத்தில் இருந்ததைத்தான் நான் எடுத்தேன்.

இப்போது மறுபடி நடக்கிறேன். முன்பு முப்பத்தெட்டு நிமிடம் எடுத்த நடை இப்போது ஐம்பத்திரண்டு. ஒவ்வொரு கம்பத்துக்கும் முகவாய் தோளில் முட்டும்வரை இடப்பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது. முன்பு தானாக வந்துகொண்டிருந்த பாதி உலகத்தை இப்போது நானே போய்க் கூட்டிவருகிறேன். காலை நீளமாகிவிட்டது.

நேற்று போகும்போது முப்பத்தெட்டு, வரும்போது நாற்பத்தொன்று. முன்பென்றால், இருப்பதே முப்பத்தெட்டுத்தான் என்று யாரோடும் சண்டை பிடித்திருப்பேன். இன்று போகும்போது நடு வழியில் நின்றேன். அந்த மூன்றும் அங்கேதான் நிற்கின்றன. நான்தான் இன்னும் போய்ச் சேரவில்லை. இடப்பக்கம் திரும்பினேன். இன்னும் கொஞ்சம் திரும்பினேன். போகும்போதும் கடல் இருந்தது.