கானான் நாட்டுத் திராட்சை

அப்பாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது பன்னீர் திராட்சை வாசம் அடித்தது. கோத்துவைத்த அவர் கைகளுக்கடியில் யாரோ ஒரு குலையை வைத்திருந்தார்கள். அந்த வாசம் என்னைச் சின்ன வயதின் கோயில் மைதானத்துக்குக் கொண்டு போய்விட்டது.

கம்பத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரான ராயப்பன்பட்டியில் அப்போது, ஏசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கா நாடகம் மோசேயின் கதையோடுதான் தொடங்கும். எகிப்தை விட்டு வருவது பாவத்தை விட்டு வருவது, செங்கடல் ஞானஸ்நானம், கடவுள் வாக்களித்த கானான் நாடுதான் மோட்சம் என்று பங்குச் சாமியார் மைக்கில் சொல்லுவார். கானானை வேவு பார்த்துவிட்டு, ஒரே திராட்சைக் குலையைக் கம்பில் கட்டிச் சுமந்து வரும் இருவரில் ஒருவர் அப்பா.

ஒரு வருஷம் மழையில் எங்கள் தோட்டத்துப் பழமெல்லாம் வெடித்துப் போனது. ஊதா பலூன்களைக் கட்டிச் சமாளிக்கலாம் என்றார் சாமியார். அப்பாவுக்குச் சுள்ளென்று வந்துவிட்டது.

"பலூனைத் தொங்கவிட்டா மோட்சமே வெறுங்காத்துன்னு நெனைச்சிருவாக, சாமி!"

பந்தல் பந்தலாக அண்ணாந்து தேடி, தப்பிப் பிழைத்த கொத்துகளை வாழைநாரால் சேர்த்துக் கட்டி, என் உயரத்துக்கு ஒரு குலை செய்தார். அது மேடையில் அசைந்து வந்தபோது கூட்டமே எழுந்து நின்றது.

"ஏலே, கானான் நம்ம கம்பம் பக்கந்தான்டா!" என்று யாரோ கத்தினார்கள். சாமியாரே சிரித்துவிட்டார். "அது எங்க அப்பா" என்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

பெட்டியை மூடும் நேரம், புதிதாக வந்த இளம் சாமியார் குலையைப் பார்த்துத் தயங்கினார். "இதை எடுத்துரலாமாம்மா?"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இருக்கட்டும், சாமி. மோட்சத்துல உள்ளவுகளும் நம்மூருப் பழத்தைத் தின்னு பாக்கட்டும்."