பேர் பேராக

திருக்கடையூர்ப் பக்கம் வாய்க்காலை ஒட்டிய ஒரு தெருவுக்கு இன்று மக்கள்தொகைக் கணக்கெடுக்கப் போயிருந்தேன். "எத்தனை புள்ளைங்கம்மா?" என்று கேட்டேன். "ரெண்டு டீச்சர்" என்றாள் அந்த வீட்டுப் பெண். வாசலில் மூன்று ஜோடி சின்னச் செருப்புகள் கிடந்தன.

என் அம்மாவும் இப்படித்தான். பிள்ளைகளை எண்ணிச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று எப்போதும் ஒன்று குறைத்தே சொல்வாள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கணக்கெடுக்க வந்த வாத்தியார், அறுப்பு முடிந்த வயலின் குறுக்கே வெயிலில் நடந்து வந்திருந்தார். அம்மா அவரிடமும் "ரெண்டு" என்றாள். விட்டுப்போனது கடைக்குட்டியான நான்தான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. "அப்ப நானு?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து அழ ஆரம்பித்தேன்.

அம்மாவுக்கு முகம் சுண்டிப்போனது. வாத்தியார் அதட்டவில்லை. "எத்தனைன்னே கேக்கலம்மா. பேரை மட்டும் சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றார். அம்மா பேர் பேராகச் சொன்னாள். மூன்றாவதாக என் பேரை அவர் எழுதி முடிக்கும்வரை பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்று நானும் அதையேதான் சொன்னேன். "எண்ண வேணாம்மா, பேரு சொல்லுங்க." மூன்று பிள்ளைகளின் பேரும் வந்துவிட்டது.

தெருவில் இறங்கி நடக்கும்போதுதான் உறைத்தது. எங்கள் எல்லோர் பேரையும் எழுதிக்கொண்டு போன அந்த மனிதரின் பேரை எங்கள் வீட்டில் யாருமே கேட்கவில்லை.