திறப்பு என்ர பொக்கற்றில

கார் ஒரு பக்கம் இழுக்குது எண்டு வாறவையில பாதிப் பேருக்கு அலைன்மென்ட் தேவையில்லை. மிச்சப் பாதிப் பேருக்கு அலைன்மென்ட் மட்டும் போதாது. பதினாறு வருசமா கொட்டாஞ்சேனையில சில்லு நேராக்கிற வேலை செய்யிறன். குழியில விழுந்து 'டொக்' எண்டு கேட்டதும் நெஞ்சைப் பிடிக்கிற என்ர சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்லுறன். ஸ்டியரிங்கைத் தொட்ட உடன காருக்கு எங்க வருத்தம் எண்டு எனக்குத் தெரிஞ்சிடும். பெருமை அடிக்கிறான் எண்டு நினைச்சா நினைச்சுக்கொள்ளுங்கோ. பெருமைதான்.

மெஷினில ஏறாத கார்

வெள்ளவத்தையில இருந்து ஒரு ஐயா வந்தார், பாங்க்கில இருந்து ரிட்டயர் ஆன மனிசன். கார் இடப்பக்கம் இழுக்குதாம். அலைன்மென்ட் மெஷினில என்னென்ன பார்க்கவேணும் எண்டு போனில வாசிச்சு, ஒரு பேப்பர் துண்டில எழுதியும் கொண்டு வந்திருந்தார். நான் துண்டை மேசையில வைச்சிட்டு, கொச்சிக்கடை வரைக்கும் ஒரு ரவுண்ட் ஓடிப் பார்த்தன். ஓடிப் பார்க்காமல் எந்தக் காரையும் மெஷினில ஏத்தமாட்டன், அது என்ர பழக்கம். திரும்பி வந்து இடப்பக்க முன் டயரில ஒழுகின வால்வை மாத்திக் காத்து அடிச்சன். அவ்வளவுதான், கார் நூல் பிடிச்ச மாதிரி ஓடிச்சுது.

முதலாளி கண்ணாடி அறைக்குள்ள இருந்து முறைச்சார். "வாற கஸ்டமரை எல்லாம் காத்தடிச்சு அனுப்பினா, ஒரு நாளைக்கு உன்னையும் அனுப்பத்தான் வேணும்" எண்டு ஏற்கனவே சொல்லி வைச்சவர். ஐயாவுக்கும் திருப்தி இல்லை. காருக்குள்ள ஏறாமல் நிண்டு கேட்டார்: "தம்பி, சும்மாவாவது ஒருக்கா மெஷினில ஏத்துமன், இல்லாட்டி வீட்ட போய் மனிசிக்கு என்னத்தைச் சொல்லுறது?"

டீச்சரின்ர கிரீச்

என்ர பிழையையும் சொல்லத்தானே வேணும். தெஹிவளையில ஒரு முஸ்லிம் டீச்சர். அவவின்ர காருக்கு, அதிர்வைத் தாங்கிற முன்பக்க ரப்பர் புஷ் மாத்தினனான். அதின்ர கடைசி நட்டை, காரை நிலத்தில இறக்கி, பாரம் முழுக்கச் சில்லில விழுந்த பிறகுதான் இறுக்கவேணும். சில்லு தொங்கேக்க இறுக்கினா, கார் கீழ வந்ததும் ரப்பர் முறுகி நிக்கும். தெரியாமலோ செய்தனான்? நல்லாத் தெரியும். அண்டைக்கு அவசரம், கார் ஜக்கில தூக்கி நிக்கேக்கயே இறுக்கிப்போட்டன்.

ஒரு மாசம் போகேல்லை, ரப்பர் கிழிஞ்சு 'கிரீச் கிரீச்' எண்டு கத்திக்கொண்டு கார் வந்து நிண்டுது. முகத்தை எங்க வைக்கிறது எண்டு தெரியேல்லை. "டீச்சர், இது என்ர பிழை" எண்டு நேரே சொல்லிப்போட்டுப் புதுசு போட்டன். இந்தமுறை காரை இறக்கி, கதவடியில ஏறி நிண்டு நாலு தரம் ஆட்டி, பிறகுதான் இறுக்கினன். இண்டைக்கும் அப்பிடித்தான் இறுக்கிறன். அவ கோவிக்கேல்லை, சிரிச்சா: "பாஸ், சத்தத்த நிப்பாட்டத்தான் வேணும், ஆனா நான் ஸ்கூல் கேட்டுக்கு வாரதுக்கு முந்தியே புள்ளகள் புஸ்தகத்தத் தொறந்து வெச்சிக்கிட்டு ஈந்தாங்க!"

ஸ்கூல் வான்

செல்வம் ஸ்கூல் வான் ஓடுறவர், பதுளைப் பக்கத்து ஆள். ஒரு நாள் பகல் பன்ரெண்டு மணிக்கு வந்தார். டயர் ஒரு பக்கமாத் தேயுது, கெதியா அலைன்மென்ட் செய்து தரவேணும், ரெண்டு மணிக்குப் பிள்ளையளை ஏத்தவேணும் எண்டார். நான் வானை உயர்த்தி, சில்லுக்குக் கீழ அலவாங்குக் கம்பியைக் குடுத்துத் தெண்டிக் கிளப்பினன். சில்லு சொத்தைப் பல்லு மாதிரி ஆடிச்சுது. சில்லைப் பிடிச்சு வைச்சிருக்கிற போல் ஜொயின்ட் எண்ட குண்டு மூட்டு முடிஞ்சு போய்க் கிடந்தது. அது கழண்டா ஓடேக்கயே சில்லு மடங்கும். ரெண்டு மணிக்கு உள்ளுக்குப் பதினாலு பிள்ளையள் இருக்கும்.

"இதை மாத்தாமல் வான் வெளிய போகாது" எண்டன். "இன்னைக்கு மட்டும் விடுங்கண்ணே, புள்ளைங்க வெயில்ல நிக்கும்" எண்டு செல்வம் கெஞ்சினார். முதலாளியும் வெளிய வந்திட்டார். "மெஷினில சரியாக் காட்டினாப் போதும். அலைன்மென்ட் சரி எண்டு பேப்பரை அடிச்சுக் குடுத்து அனுப்பு. இல்லாட்டி நாளைக்கு நீ வரவேண்டாம்" எண்டார். எனக்கு வந்த கோவத்துக்கு ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில தொங்கின வான் திறப்பை இழுத்தெடுத்து என்ர பொக்கற்றில போட்டன். எனக்கும் ரெண்டு பிள்ளையள், இருக்கிறது வாடகை வீடு. ஆனா திறப்பைக் குடுக்கேல்லை. பஞ்சிகாவத்தைக் கார்ச் சாமான் கடைக்குப் போன் அடிச்சன், அரை மணித்தியாலத்தில த்ரீவீலரில புது ஜொயின்ட் வந்துது.

பழசைக் கழட்டச் சுத்தியலைத் தூக்கினன். அதுக்கு வேலையே இல்லை. கிண்ணத்துக்குள்ள இறுகி இருக்கவேண்டிய குண்டு, கையால இழுக்க வெளிய வந்திட்டுது. ரெண்டு துண்டையும் கொண்டுபோய் முதலாளியின்ர உள்ளங்கையில வைச்சன். புதுசைப் போட்டு, இறக்கி, ஆட்டி, இறுக்கி, அலைன்மென்ட்டும் முடிக்க ரெண்டுக்குப் பத்து நிமிசம் இருந்தது. திறப்பைக் குடுத்தன். செல்வம் கும்பிட்டிட்டு ஓடினார். முதலாளி அந்தத் துண்டுகளைப் பார்த்தபடியே வீட்டுக்குப் போன் அடிச்சுக் கதைச்சிட்டு, என்னட்ட வந்தார்: "நாளைக்கு வெள்ளெனவே வா, என்ர பேரன் போற வானையும் இஞ்ச கொண்டரச் சொல்லியிருக்கிறன்."

இப்பவெல்லாம் "சாமான் மாத்தாமல் ஏலாது" எண்டு கஸ்டமரோட சண்டை பிடிக்கிறது முதலாளிதான், நான் நல்ல பிள்ளையா ஒரு பக்கமா நிண்டு காத்து அடிக்கிறன்.