பேக்கேஜில் இல்லாத இணைச்சீர்

1. ஒரே ஒரு போட்டோ

கல்யாணம் முடிந்து பல மாதம் கழித்து ஒருவர் ஸ்டூடியோவுக்குத் திரும்பி வந்தால் பெரும்பாலும் இரண்டே காரணம்தான் இருக்கும். ஆல்பத்தின் தாள் பிரிந்திருக்கும், அல்லது பென்டிரைவ் திறக்காது. பூங்கொடி வந்தது இரண்டுக்காகவும் இல்லை.

எங்கள் ஸ்டூடியோ அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனிக்கு மேல் மாடியில் இருக்கிறது. படியேறி வந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். எனக்குச் சில நொடிகள் ஆள் தெரியவில்லை. எட்டு மாதத்துக்கு முன் தம்பி கல்யாணத்துக்குப் பேக்கேஜ் பேச வந்தபோது பெரிய குங்குமப் பொட்டு வைத்திருந்தார். இப்போது நெற்றி வெறுமையாக இருந்தது.

"கார்த்தியோட அக்காங்க, குண்டடம். ஞாபகம் இருக்குதுங்களா?"

"உட்காருங்கம்மா."

"எங்கூட்டுக்காரரு தவறிட்டாருங்க. நாப்பது நாளாச்சு. நெஞ்சு வலிக்குதுன்னாரு. கார்ல ஏத்துனோம். அவ்வளவுதானுங்க."

அவருக்கு வேண்டியது ஒரு போட்டோ. தம்பி கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை, இணைச்சீர் என்ற சடங்கு முடிந்த கையோடு, பட்டுச்சேலையும் கழுத்தில் மாலையுமாகக் கணவருக்குப் பக்கத்தில் நின்ற போட்டோ.

"போன்ல அவரு படம் இருக்குதுங்க. பழனிக்குப் போனது, பொங்கலுக்கு எடுத்தது எல்லாம் இருக்குது. ஆனா அன்னைக்கு மாதிரி இல்லீங்க. எங்க கல்யாணம் கோயில்ல வெச்சு அரை மணி நேரத்துல முடிஞ்சுது. போட்டோவே கிடையாது. அன்னைக்கு என்னையப் பாத்துட்டு, 'இன்னைக்குத்தான் நீ கல்யாணப் பொண்ணாட்டம் இருக்கற'ன்னாரு. அந்த ஒண்ணு போதுமுங்க."

அப்படி ஒரு போட்டோ எங்களிடம் இல்லை. அது இல்லாமல் போனதற்கு நான்தான் காரணம். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் கேமராவையும் லென்ஸையும் எங்கு வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். பேக்கேஜ் பேசுகிற மேஜையில் என்ன தவறு நடக்கும் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

2. பேக்கேஜ் மேஜை

நான் இருபத்திரண்டு ஆண்டுகள் தென்மாவட்டங்களில் பத்திரிகைப் புகைப்படக்காரனாக இருந்தவன். பதிப்பு மூடப்பட்டபின் திருப்பூர் வந்தேன். ஸ்டூடியோ முதலாளி எனக்குக் கேமரா கொடுக்கவில்லை. "உங்களுக்குப் பேச்சு நல்லா வருதுங்க. புக்கிங் டேபிள்ல உக்காருங்க" என்றார். கார்த்தி கல்யாண ஆர்டர் வந்தபோது நான் அங்கே உட்கார்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

எங்களிடம் மூன்று பேக்கேஜ். சில்வர் என்றால் முகூர்த்தம் மட்டும். கோல்டில் முகூர்த்தமும் வரவேற்பும், போஸ் கொடுக்காமல் இயல்பாக எடுக்கும் கேண்டிட் படங்களுக்குத் தனி ஆள். பிளாட்டினத்தில் முந்தின நாள் மாலையிலிருந்தே ஆட்கள் மண்டபத்தில் இருப்பார்கள். அதோடு அவுட்டோர் ஷூட், டிரோன். பெரும்பாலான குடும்பங்களின் பட்ஜெட் கோல்டுக்கும் பிளாட்டினத்துக்கும் நடுவில் நிற்கும். அப்போது ஒன்றை எடுத்து ஒன்றைப் போட்டு ஒரு பேக்கேஜ் தயாரித்துக் கொடுப்போம். எதை எடுப்பது என்று யோசனை சொல்வதுதான் அந்த மேஜையில் இருப்பவன் வேலை.

கார்த்தி அருள்புரத்தில் சின்னதாக ஒரு நிட்டிங் யூனிட் வைத்திருந்தான். அக்கா அவனைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். இருவரும் ஒன்றாக வந்தார்கள்.

"சார், அவுட்டோர் ஷூட் கண்டிப்பா வேணுங்க. டிரோனும் வேணும். என்ற ஃப்ரெண்டு கொடைக்கானல்ல எடுத்தான், சினிமாவாட்டம் இருந்துச்சு."

"உனக்கு எதுக்குடா டிரோனு?" என்றார் பூங்கொடி. "மேல இருந்து எடுத்தா உன்ற சொட்டைதான் தெரியும்."

"சும்மா இருக்கா. சார் சிரிக்கறாரு பாரு."

நான் சிரித்துக்கொண்டேதான் அந்த யோசனையைச் சொன்னேன். "கோல்டு எடுத்துக்குங்க. அதுல அவுட்டோர் ஷூட்டையும் டிரோனையும் சேர்த்துரலாம். முந்தின நாள் சாயங்காலம் வேண்டாம். சொந்தக்காரங்க வர்றதும் சாப்பிடறதும்தானே? ஆல்பத்துல நாலு பக்கம்கூட வராது."

எங்கள் ஊர்ப்பக்கம் முந்தின நாள் மாலை என்றால் பந்தியும் சீட்டாட்டமும்தான். இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்தேன். நினைத்ததைத் தெரிந்தது போலச் சொன்னேன்.

பூங்கொடியின் குரல் தாழ்ந்தது. "முந்தின நாளு வேண்டாமுங்களா?"

"போடணும்னா போடலாம்மா. ஆனா டிரோன் போயிரும்."

"உனக்கு வேணுமாக்கா?" என்று கேட்டான் கார்த்தி.

"எனக்கென்னடா, உன்ற கல்யாணம். உனக்குப் புடிச்ச மாதிரி பண்ணு."

நான் படிவத்தில் முந்தின நாள் மாலைக்கு நேராகக் கோடு போட்டேன். பதினைந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அவர்கள் போனபின் நல்ல யோசனை சொன்ன திருப்திகூட எனக்கு இருந்தது.

3. முதலாளி கேட்டது

ஆல்பம் டிசைனுக்கு வந்த பிறகுதான் முதலாளி அந்த ஆர்டரைப் பார்த்தார். அவர் பல்லடம் பக்கத்துக்காரர்.

"ஏனுங்க, மாப்பிள்ளை ஊட்டு ஆர்டர்ல இணைச்சீர் எங்கீங்க?"

"அது என்ன?"

அவர் விளக்கிச் சொன்னார். கொங்குக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ கல்யாணப் பெண்ணைப் போலவே பட்டும் மாலையும் அணிந்து மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்பார். மாப்பிள்ளையோடு அவரைத் துணியால் இணைத்துச் சீர் செய்வார்கள். கட்டிக்கொடுத்துப் போய்விட்டாலும் பிறந்த வீட்டில் அவருக்கு இருக்கும் இடம் போகவில்லை என்று ஊரறியச் சொல்வது அது. கார்த்தி குடும்பத்தில் அதை முந்தின நாள் மாலையில் செய்கிறார்கள். எங்கள் ஆட்கள் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தது மறுநாள் விடியற்காலை.

"கணவன் இருக்கற பொண்ணுதானுங்க இணைச்சீர்க்காரியா நிக்க முடியும். அந்தக்கா ஒண்ணுமே சொல்லலீங்களா?"

"வேண்டாமுங்களான்னு கேட்டாங்க" என்றேன்.

"அப்படிக் கேக்கறதுதானுங்க சொல்றது" என்றார் முதலாளி.

தன் தம்பி கல்யாணத்தில் தன்னைப் படம் எடுக்கச் சொல்லித் தானே வாய்விட்டுக் கேட்டால் அது மரியாதையைக் கேட்டு வாங்குவது போல ஆகிவிடும். அதனால் அந்த அளவுக்குத்தான் அவரால் கேட்க முடிந்திருக்கிறது. ஒருவர் குரல் தாழ்ந்தால் அங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்பது பத்திரிகையில் எனக்குக் கற்பித்த முதல் பாடம். எந்த ஊர்க் கலவரத்திலும் விபத்திலும் நான் அதை மறந்ததில்லை. டிரோன் விற்கிற மேஜையில் மறந்துவிட்டேன்.

அன்றைக்கே பூங்கொடிக்குப் போன் செய்து பேசியிருக்கலாம். அவர்கள் தரப்பிலிருந்து புகார் எதுவும் வரவில்லையே என்று விட்டுவிட்டேன். அவர் கணவர் பழனிசாமி அப்போது உயிரோடு இருந்தார்.

4. தேடியது

முகூர்த்த நாளின் படங்கள் ஹார்டுடிஸ்க்கில் இரண்டாயிரத்துச் சொச்சம் இருந்தன. எங்கள் ஆல்பம் டிசைனர் ஜெனிஃபர், பூங்கொடியின் போனில் இருந்த பழனிசாமியின் முகத்தைக் கொடுத்துத் தேடினாள். மூன்று படங்கள் கிடைத்தன. இரண்டில் முதுகு பாதி, முகம் பாதி. ஒன்றில் சாம்பார் வாளியோடு பந்தியில் குனிந்திருக்கிறார்.

"குடும்ப குரூப் போட்டோலயும் ஆளு இல்ல அண்ணாச்சி" என்றாள் ஜெனிஃபர். அவள் நாசரேத் பக்கத்துப் பெண். "அக்கா மட்டும் நிக்காவ."

காரணத்தைப் பூங்கொடியே சொன்னார். "ஊட்டு மாப்பிள்ளைங்களே. பந்தி முச்சூடும் அவருதான் பாத்துக்கிட்டாரு. மேடைக்கு வாங்கன்னு மூணு தடவ ஆள் உட்டேன். 'இந்தப் பந்தி எந்திரிக்கட்டும் வாரேன்'னாரு. பந்தி எந்திரிக்கவே இல்லீங்க."

கார்த்திக்குப் போன் செய்தேன். "இணைச்சீர் முந்தின நாள்தான்னு எனக்குத் தெரியுமுங்க சார். அன்னைக்கு உங்க முன்னாடி அது தோணவே இல்லீங்க. எனக்கு டிரோனுதான் நெனப்பு." சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டான். ஏழெட்டுப் பேர் அனுப்பினார்கள். எல்லோரும் மாப்பிள்ளையைத்தான் எடுத்திருந்தார்கள். ஒரு வீடியோவில் சீர் செய்கிற பெரியவரின் முதுகுக்குப் பின்னால் வளையல் போட்ட ஒரு கை மட்டும் தெரிந்தது.

"அது என்ற கைதானுங்க" என்றார் பூங்கொடி.

மண்டபத்துக்கே போய் சிசிடிவி கேட்டேன். பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும், ஆறு மாதத்துக்கு முந்தையது எப்படி இருக்கும் என்று மேனேஜர் சிரித்தார். மேடை அலங்காரம் செய்தவர் தன் ரீல்ஸுக்காக எடுத்ததைக் கொடுத்தார். அதில் பூக்கள் மட்டும் இருந்தன. ஒரு மாதம் இப்படி ஓடியது. ஒவ்வொரு முறையும் நான் போன் செய்யும்போது முதல் மணியிலேயே பூங்கொடி எடுத்தார். "கெடச்சுதுங்களா?" என்பார். மூன்றாவது வாரத்திலிருந்து அந்தக் கேள்வியும் நின்றது. "சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார்.

5. செய்த படம்

ஜெனிஃபர்தான் சொன்னாள். "அண்ணாச்சி, ஏஐல போட்டுப் பாப்பமா? ரெண்டு பேரு மூஞ்சியும் இருக்கு. சேலை, மாலை எல்லாம் சொன்னா அதுவே போட்டுரும்."

செய்திப் படம் ஒன்றில் குறுக்கே போன மின்கம்பியை அழித்ததற்காக ஒருவர் வேலையை விட்டு அனுப்பப்பட்டதைப் பார்த்தவன் நான். அது சரியான தண்டனை என்று அப்போது சொன்னவனும் நான். "செய்" என்றேன்.

இருபது நிமிடத்தில் படம் வந்தது. பட்டுச்சேலையும் மாலையுமாகப் பூங்கொடி, புது வேட்டியில் பழனிசாமி, பின்னால் குத்துவிளக்கு. விளக்கின் ஒளி இருவர் கன்னத்திலும் சரியான பக்கத்தில் விழுந்திருந்தது. நான் எடுத்திருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.

பூங்கொடியை வரச் சொன்னோம். கம்ப்யூட்டரில் செய்தது என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். அவர் திரைக்கு முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"சேலை அரக்குக் கலருங்க. பச்சை இல்ல."

ஜெனிஃபர் மாற்றினாள்.

"மாலை சம்பங்கி."

அதையும் மாற்றினாள். ஒவ்வொன்று மாறும்போதும் பூங்கொடி நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திக்கொண்டார். ஒருமுறை லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார். கிடைத்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

பிறகு அவர் விரல் திரையில் பழனிசாமியின் வலது கைக்குப் போனது.

"இது அவரு கை இல்லீங்க."

"ஏன்க்கா?"

"அவருக்கு இந்த ஆள்காட்டி வெரலு பாதிதான் கண்ணு. கல்யாணத்துக்கு முன்னாடியே நிட்டிங் மிஷின்ல போயிருச்சு."

"இவ்வளவுதானா? ஒரு நிமிசம்க்கா, எடுத்துருதேன்." ஜெனிஃபர் மவுஸை இழுத்து விரலின் மேல்பாதியைச் சுற்றிப் புள்ளிக்கோடு போட்டாள்.

"வேண்டாம் கண்ணு."

சொல்வதற்குள் அவள் அழுத்திவிட்டாள். விரல் பாதியாகிவிட்டது. வெட்டிய இடம் வழவழவென்று இருந்தது.

பூங்கொடி எழுந்தார்.

"ஒருக்கா வெட்டுனது போதாதுங்களா?"

ஜெனிஃபர் முகத்தை மூடிக்கொண்டாள். பூங்கொடி அவள் தலையைத் தொட்டு, "அழுவாத கண்ணு, நீ என்ன பண்ணுவ" என்றார். பிரிண்ட் வேண்டாம் என்றார். படி வரை கூடப் போனேன். இரண்டு படி இறங்கியவர் திரும்பினார்.

"உங்க மேல தப்பில்லீங்க. வேணும்னு நாந்தான் சொல்லியிருக்கோணும்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவர் பஸ் ஏறும்வரை படியிலேயே நின்றேன்.

6. கற்றது

எங்கள் படிவத்தை மாற்றிவிட்டோம். இப்போது பேக்கேஜ் பட்டியலை நான் முதலில் எடுப்பதில்லை. முந்தின நாள் காலையிலிருந்து மறுநாள் வரை உங்கள் குடும்பத்தில் என்னென்ன சீர், ஒவ்வொன்றிலும் நிற்பது யார், அவர் பெயர் என்ன என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். பந்தி விசாரிக்கப் போவது யார் என்றும் கேட்கிறேன். அவரை மேடைக்குக் கூட்டிவந்து ஒரு படம் எடுப்பது போட்டோகிராபரின் பொறுப்பு என்று படிவத்தில் இருக்கிறது. எந்த ஊர்க்காரர் வந்தாலும் எனக்கு ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொண்டே கேட்கிறேன். யாராவது "வேண்டாமுங்களா?" என்று சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஏன் என்று கேட்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பத்திரிகையில் தவறு வந்தால் மறுநாள் ஒரு மூலையில் வருந்துகிறோம் என்று போடலாம். படிப்பார்களோ இல்லையோ, போட்டோம் என்று ஆகும். கல்யாணத்துக்கு மறுநாள் பதிப்பு கிடையாது.

போன வாரம் ஒரு பெண் தன் அண்ணனோடு பேக்கேஜ் பேச வந்திருந்தார். அவர் வாயைத் திறக்கும் முன்பே, "இணைச்சீர் உண்டாம்மா? நிக்கறது நீங்களா? எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. நேரத்தையும் பெயரையும் எழுதிக்கொண்டேன். இப்போதெல்லாம் நான் சரியாகத்தான் கேட்கிறேன். பூங்கொடிக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.