சந்தனம் பூசிய கார்ட்ரிஜ்

லிந்துலைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் லினக்ஸ் ஓடும் கணினி ஒன்று இருக்கிறது. அதை நிறுவியவன் நான். டிப்ளோமா முடித்துவிட்டுச் சும்மா இருக்கப் பிடிக்காமல், பழைய பிறப்புப் பதிவேடுகளைப் படம் எடுத்துச் சேமிக்கும் வேலையை நானே போய்க் கேட்டு வாங்கினேன்.

படம் எடுத்தால் மட்டும் போதுமா? பிரதி வேண்டும். அதற்கு ஐந்து டிஸ்க் கார்ட்ரிஜ். வெளியே தடித்த கறுப்பு பிளாஸ்டிக், உள்ளே சிறிய ஹார்ட் டிஸ்க். கேசட் மாதிரி சொருகலாம், உருவலாம். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒன்று. பிரதி சரியாக விழுந்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்காமல் நான் வீட்டுக்குப் போனதில்லை. பிரசவம் பார்க்கும் மருத்துவமாது அக்காவுக்கு, சோப்புக் கட்டி போன்ற அவற்றை நான் எண்ணுவது பெரிய வேடிக்கை. “தம்பி சவர்க்காரக் கட்டிய எண்ணிட்டாரா? அப்ப கதவப் பூட்டலாம்” என்பார்.

ஆயுத பூசைக்கு முதல் நாள், கொழுந்து எடுக்கும் அம்மா ஒருவர் வந்தார். மகள் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டும். அதற்கு அடையாள அட்டை வேண்டும், அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ். பிள்ளையின் பிறப்பையோ யாரும் பதியவே இல்லை. இனிப் பதிவதென்றால் டிஸ்பென்சரிப் பதிவேடுதான் அத்தாட்சி. பூசைக்கு மறுநாள் விடிந்ததும் கிராம சேவகர் விண்ணப்பம் வாங்க வருகிறார். அதை விட்டால் தவணை போய்விடும்.

மழையில் நனைந்து ஒட்டிப்போன ஏட்டைப் பிரித்து, செவ்வாய்க்கிழமை பிறந்தவள் என்று அம்மா சொன்னதை வைத்து அந்தப் பக்கத்தைத் தேடி, கணினியில் பூட்டிய கேமராவில் படம் எடுத்தேன். எடுத்த கையோடு பக்கம் துண்டுதுண்டாகப் பிய்ந்தது. பிரிண்டரில் மை தீர்ந்திருந்தது. நாளை டவுனில் மை வாங்கி வந்து அடித்துத் தருகிறேன் என்று அம்மாவை அனுப்பிவிட்டு, அன்றைய கார்ட்ரிஜில் பிரதி எடுத்தேன்.

மறுநாள் டவுனில் மை வாங்கித் திரும்பும்போதே மத்தியானப் பூசைக்கு நேரமாகிவிட்டது. பிள்ளை நிறுக்கும் தராசு, கத்தரிக்கோல், ஸ்டெதஸ்கோப், அவற்றின் பக்கத்தில் என் ஐந்து கார்ட்ரிஜ்கள். என் ஆயுதம் இதுதானே! சந்தனமும் குங்குமமும் நானே வைத்தேன், கொஞ்சம் தாராளமாகவே.

மூன்று மணிக்கு இடி. கரண்ட் போய்த் திரும்பி வந்தது. கணினி வரவில்லை. டிஸ்க் செத்திருந்தது. நான் பதறவில்லை, என் லேப்டாப்பைத் திறந்து கார்ட்ரிஜைச் சொருகும் பெட்டியின் வயரை இணைத்தேன். அக்காதான் குறுக்கே நின்றார்.

“சாமிக்கு வச்சத நாளைக்கு மறுபூசை முடிச்சுத்தான் எடுக்கணும்.”

எனக்கும் தெரியும். அன்று பெக்டரியில்கூட யாரும் மெசினைத் தொடமாட்டார்கள். ஆனால் மறுபூசைக்கு முன்பே கிராம சேவகர் வந்துவிடுவார். தாளை வாங்க வந்திருந்த அம்மா குடையை மடக்கியபடி எங்கள் இருவரையும் பார்த்தார்.

“எடுங்க தம்பி. புள்ளைக்குத்தானே. சாமி கோவிச்சா நான் பேசிக்கிறேன்.”

அக்கா விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

அந்தப் பக்கம் இருந்த நேற்றைய கார்ட்ரிஜை எடுத்துச் சொருகினேன். லேப்டாப் கண்டுகொள்ளவில்லை. மறுபடி சொருகினேன். இல்லை. உருவிப் பார்த்தபோது எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மற்ற நான்கையும் சரியாக வைத்தவன், இதை மட்டும் அவசரத்தில் திருப்பி வைத்திருக்கிறேன். என் விரல் வைத்த சந்தனம் பின்பக்கத்து இணைப்புப் பற்களுக்குள் இறங்கிக் காய்ந்திருந்தது. இடி தொடாததை நான் கெடுத்துவிட்டேனோ?

டிஸ்பென்சரியில் ஸ்பிரிட்டுக்குப் பஞ்சமில்லை. புது டூத் பிரஷ் ஒன்றை அதில் நனைத்து ஒவ்வொரு பல்லாகத் துடைத்தேன். காய விட்டேன். சொருகினேன். உள்ளே டிஸ்க் சுழலும் சத்தம் கேட்டது. டிஸ்கைத் திறக்கும் மவுண்ட் கட்டளை கொடுத்ததும் கோப்புகள் வரிசையாக இறங்கின.

பக்கம் திறந்தது. அம்மாவின் பெயர், பிள்ளையின் நிறை, திகதி, செவ்வாய்க்கிழமை.

“செவ்வாக்கெழமன்னு நான் அப்பவே சொன்னேன்ல,” என்றார் அம்மா, அக்காவைப் பார்த்து.

வாங்கி வைத்திருந்த மையைப் போட்டு அடித்தேன். அக்கா கையெழுத்திட்டு முத்திரை குத்தினார். காலையில் கிராம சேவகர் அதை வாங்கிக்கொண்டார். பரீட்சைக்கு முன்பே அட்டை வந்தது. அந்தப் பிள்ளை அதைக் காட்ட வந்தபோது நான் படத்தைப் பார்க்கவில்லை, திகதியைத்தான் பார்த்தேன். அது நான் காப்பாற்றிய திகதி.

இந்த வருடப் பூசைக்கு அக்காவே கார்ட்ரிஜ்களை அடுக்கினார். நான்குதான் இருந்தன. கடைசியாகப் பிரதி எடுத்த ஐந்தாவதை என் கையில் கொடுத்தார்.

“இதுக்குச் சந்தனம் வேணாம். ஒங்ககிட்டயே இருக்கட்டும்.”